துருக்கித் தொப்பி: அணியச் சொன்ன ஆணையும் கழற்றச் சொன்ன சட்டமும்

நம் சமுதாயத்தின் பழைய குழுப் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொப்பி நினைவிருக்கும். நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் பெரியவர்களில் சிலர் தலைப்பாகை கட்டியிருப்பார்கள். சிலர் வெள்ளைத் தொப்பியோ கறுப்புச் சொங்கோக்கோ வைத்திருப்பார்கள். இரண்டொருவர் தலையில் மட்டும் கவிழ்த்து வைத்த பூந்தொட்டி போல் உயரமான ஒரு தொப்பி இருக்கும். அதன் உச்சியிலிருந்து ஒரு கறுப்புக் குஞ்சம் தொங்கும். படம் கறுப்பு வெள்ளை என்பதால் நிறம் தெரியாது. உண்மையில் அது நல்ல சிவப்பு. 'துருக்கித் தொப்பி' என்று நம்மவர்கள் சொன்னார்கள். மலாய் மொழியில் அதற்கு 'தர்புஸ்' என்று பெயர். அரபியில் 'தர்பூஷ்', துருக்கியில் 'ஃபெஸ்', ஹைதராபாத்தில் 'ரூமி டோப்பி'.

முஸ்லிம் நாடுகளின் உடைகளைப் பற்றி எழுத எத்தனையோ இருக்கின்றன. மொரோக்கோவின் ஜலாபாவும் வளைகுடாவின் நீண்ட வெள்ளை அங்கியும் தனித்தனிக் கட்டுரைக்குத் தகுந்தவை. நான் இந்த ஒரு தொப்பியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இதற்காக மனிதர்கள் தெருவில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள், தூக்குமேடை ஏறியிருக்கிறார்கள். அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. தொன்றுதொட்டு வந்த முஸ்லிம் அடையாளம் என்று நம்பி எதை அவர்கள் காக்க நின்றார்களோ, அது அவர்களுடைய பாட்டனார் காலத்தில் அரசாணையால் தலையில் ஏறிய புதுப்பழக்கம்.

அதற்கு முன்பு தலைப்பாகையின் காலம். மக்கா வெற்றியின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கறுப்புத் தலைப்பாகை அணிந்து நகருக்குள் நுழைந்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். பின்னாளில் உதுமானியப் பேரரசில் தலைப்பாகை ஒருவருடைய முகவரி போலவே ஆகிவிட்டது. துணியின் நிறத்தையும் சுற்றிய விதத்தையும் உயரத்தையும் பார்த்தே இவர் காழியா, படைவீரரா, வணிகரா, முஸ்லிமா, கிறிஸ்தவரா, யூதரா என்று சொல்லிவிடலாம். இன்னார் இன்னதைத்தான் கட்டலாம் என்று சுல்தான்கள் காலத்துக்குக் காலம் ஆணையிட்டார்கள். இஸ்தான்புல்லின் பழைய கப்ருஸ்தான்களில் மீஸான் கல்லின் உச்சியிலேயே தலைப்பாகையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அடக்கமாகியிருப்பவர் யார், அவருடைய பதவி என்ன என்பதை எழுத்துத் தெரியாதவரும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சிவப்புத் தொப்பி அப்போதும் இருந்தது. ஆனால் அது மேற்கே, வட ஆப்பிரிக்காவில் இருந்தது. 'ஃபெஸ்' என்ற பெயரே மொரோக்கோவின் ஃபாஸ் நகரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இருந்தாலும் அந்தத் தொழிலில் பெரும்புகழ் பெற்ற ஊர் துனிஸ். 1609 தொடங்கி ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் வழிவந்த மக்களில் பலர் அங்கே போய்க் குடியேறினார்கள். வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டுப் போனவர்கள் கையில் கொண்டுபோனது இந்தத் தொழில். ஸைத்தூனா பெரிய பள்ளிவாசலுக்கு அருகில் அவர்களுடைய தொப்பிக் கடைத்தெரு இன்றும் இருக்கிறது.

செய்முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒரே கடையில் முடிகிற வேலை அல்ல. முதலில் பெண்கள் வீட்டிலிருந்தபடியே வெள்ளைக் கம்பளி நூலால், தலைக்கு இருமடங்கு பெரிதாக ஒரு பை போலப் பின்னிக் கொடுப்பார்கள். அதை வெந்நீரிலும் சோப்பிலும் போட்டு அடித்து மிதிப்பார்கள். கம்பளி சுருங்கி, இழை தெரியாத கெட்டியான துணியாகிவிடும். பிறகு ஒருவகை முட்செடியின் காய்ந்த காயால் சீவிச் சீவி மேற்பரப்பில் மெல்லிய பூம்பஞ்சு எழுப்புவார்கள். அதன் பின்புதான் சாயம். பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பை ஸக்வான் என்ற ஊரின் தண்ணீரில் ஏற்றினால்தான் நிறம் பிடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கடைசியில் அச்சில் ஏற்றி வடிவம் கொடுப்பார்கள். துனிஸின் தொப்பி மெத்தென்று தலையோடு ஒட்டி இருக்கும். நம் புகைப்படங்களில் விறைப்பாக நிற்கும் தொப்பி இதன் பின்னாள் வாரிசு. உள்ளே வைக்கோல் பின்னலை வைத்து, சூடேற்றிய பித்தளை அச்சில் அழுத்தி அதை நிமிர்த்தியிருப்பார்கள். மழையில் நனைந்தால் வளைந்துவிடும். அதற்காகவே கெய்ரோவில் தொப்பியை மறுபடி அச்சிலேற்றித் தேய்த்துக் கொடுக்கும் கடைகள் இருந்தன.

இந்தத் தொப்பி இஸ்தான்புல் அரண்மனைக்குள் நுழைந்த கதை இரத்தத்தில் தொடங்குகிறது. மூன்றாம் ஸலீம் சுல்தான் ஐரோப்பிய முறையில் ஒரு புதிய படையை உருவாக்கினார். 1807இல் கோட்டைக் காவல் வீரர்களை அந்தப் புதுச் சீருடையை அணியச் சொன்னபோது அவர்கள் கலகம் செய்தார்கள். அந்தக் கலகத்தில் சுல்தான் அரியணையையே இழந்தார். பின்னர் கொல்லப்பட்டார். அதன் பின் அரியணை ஏறிய இரண்டாம் மஹ்மூது சுல்தான் பொறுமையாகக் காத்திருந்தார். பழைய ஜானிஸரிப் படையை 1826இல் ஒரே நாளில் பீரங்கி வைத்து அழித்த பின்புதான் உடையில் கை வைத்தார்.

புதிய படைக்கு என்ன தொப்பி என்று தேடியபோது, கப்பற்படைத் தலைவர் ஹுஸ்ரவ் பாஷா துனிஸிலிருந்து தருவித்து மாலுமிகளுக்குக் கொடுத்திருந்த ஃபெஸ் சுல்தானின் கண்ணில் பட்டது. அதில் பல வசதிகள் இருந்தன. தலைப்பாகை போல் அவிழாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு விளிம்பு கிடையாது. ஐரோப்பியத் தொப்பியின் விளிம்பு ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் படவிடாது; ஃபெஸ்ஸுக்கு அந்தக் குறை இல்லை. முதலில் படைக்கு வந்தது. 1829இல் அரசு ஊழியர் அனைவரும் தலைப்பாகையைக் களைந்து ஃபெஸ் அணிய வேண்டும் என்று ஆணை வந்தது. உலமாக்களுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் தலைப்பாகையை வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆணையின் நோக்கம் வெறும் அழகு அல்ல. முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் என்ற வேறுபாடு தலையில் தெரியாமல், எல்லோரும் சுல்தானின் ஒரே மாதிரிக் குடிமக்களாகத் தெரிய வேண்டும் என்பது அது. முஸ்லிமல்லாத வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இது மகிழ்ச்சி தந்தது. முஸ்லிம் தொழிலாளிகள் பலர் முகம் சுளித்தார்கள். ஃபெஸ்ஸின் மேலேயே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு தங்கள் பழைய அடையாளத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆக, பிற்காலத்தில் 'முஸ்லிம் தொப்பி' என்று உலகமே அறிந்த இது, பிறந்தபோது முஸ்லிமையும் மற்றவரையும் பிரித்துக் காட்டாமல் இருப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொப்பி! இஸ்தான்புல்லில் கோல்டன் ஹார்ன் நீர்க்கரையில் எய்யூப் பகுதியில் அரசே ஃபெஸ் தொழிற்சாலை நடத்தியது. ஒரு தலைமுறைக்குள் மீஸான் கற்களிலும் தலைப்பாகை மறைந்து ஃபெஸ் செதுக்கப்படலாயிற்று. கல்லில் ஏறிவிட்டது என்றால் அது மரபாகிவிட்டது என்றுதானே பொருள்.

எகிப்திலும் சிரியாவிலும் படித்த, அலுவலகம் போகிற 'எஃபந்தி' வகுப்பின் அடையாளமாகத் தர்பூஷ் ஆனது. கோட்டு, சூட்டு, கழுத்துப் பட்டை, அதன் மேல் தர்பூஷ். கீழே பார்த்தால் ஐரோப்பா, மேலே பார்த்தால் இஸ்தான்புல். இந்தியாவில் ஸர் ஸையித் அஹ்மத் கான் இதைத் தாமும் அணிந்தார். அலிகர் கல்லூரி மாணவர்களின் உடையிலும் கறுப்புத் துருக்கிக் கோட்டும் சிவப்புத் தொப்பியும் இடம்பெற்றன. கலீஃபா இஸ்தான்புல்லில் இருந்தார். வெள்ளிக்கிழமை குத்பாவில் அவருக்காக துஆ செய்யும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. 1900இல் ஹிஜாஸ் ரயில் பாதைக்கு நிதி திரட்டியபோது இந்திய முஸ்லிம்களும் கொடுத்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் இருந்த ஒரு முஸ்லிமுக்கு, அந்தத் தொப்பியைத் தலையில் வைப்பது தனக்கும் ஒரு சுல்தான் இருக்கிறார் என்று வாய் திறக்காமல் சொல்வதாயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் கிலாபத் இயக்கம் எழுந்தபோது இந்தப் பொருள் இன்னும் வலுத்தது. வேடிக்கை என்னவென்றால், தமிழில் முஸ்லிம்களைக் குறிக்க வழங்கிய 'துருக்கர்', 'துலுக்கர்' என்ற சொற்கள் இந்தத் தொப்பிக்குப் பல நூறாண்டுகள் மூத்தவை. பெயர் முதலில் வந்தது, தொப்பி பின்னால் வந்து சேர்ந்தது.

உடைகள் இப்படி ஊர்விட்டு ஊர் போய் உரிமை மாறுவது நமக்குப் புதிதல்ல. மலாய்க் குடும்பங்களில் ஆண்கள் வீட்டில் உடுத்துவதும் தொழப் போகும்போது உடுத்துவதுமான கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலெகாட்' என்று பெயர். பெலெகாட் என்பது நம் சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காடுதான். நம் கரையிலிருந்து கப்பலேறி வந்த துணி இங்கே மலாய் உடையாகிவிட்டது. யாரும் அதைத் திருப்பிக் கேட்பதில்லை.

மீண்டும் தொப்பிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தானின் குடிமக்கள் அணிந்த ஃபெஸ்களில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்த போஹீமியாவின் ஆலைகளிலிருந்து; இன்றைய செக் நாட்டிலுள்ள ஸ்ட்ராகோனித்ஸே அதில் பேர் போன ஊர். துனிஸின் கைப்பின்னலால் ஆலை விலையோடு போட்டியிட முடியவில்லை. 1908 அக்டோபரில் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது உதுமானிய மக்கள் ஆஸ்திரியப் பொருள்களைப் புறக்கணித்தார்கள். துறைமுகத் தொழிலாளிகள் ஆஸ்திரியக் கப்பல்களில் சரக்கு இறக்க மறுத்தார்கள். மக்கள் சிவப்பு ஃபெஸ்ஸைக் கழற்றிக் கிழித்து எறிந்துவிட்டு, உள்ளூரில் செய்த வெள்ளைத் தொப்பிகளை வைத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு ஆஸ்திரியா இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்ட பின்புதான் புறக்கணிப்பு ஓய்ந்தது. தலைமேல் இருந்தது நம் அடையாளம், அதன் உள்ளே இருந்த முத்திரை அந்நியனுடையது என்ற உண்மை அப்போது பலருக்கும் சுட்டது.

எது முஸ்லிம் உடை என்ற கேள்வி மார்க்க அறிஞர்களிடமும் வந்தது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலிருந்து ஒருவர் எகிப்தின் முஃப்தி முஹம்மது அப்துஹுவுக்கு மூன்று கேள்விகள் அனுப்பினார். 1903இல் வந்த அந்தப் பதில்தான் புகழ்பெற்ற 'டிரான்ஸ்வால் ஃபத்வா'. கேள்விகளில் ஒன்று கிறிஸ்தவர் அறுத்த பிராணியின் இறைச்சியைப் பற்றியது. மற்றொன்று ஷாஃபி மத்ஹபினர் ஹனஃபி இமாமின் பின்னால் தொழலாமா என்பது. இரண்டு மத்ஹபும் அருகருகே வாழும் நம் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பழகிய கேள்வி! மூன்றாவது, தொழிலுக்காக ஐரோப்பியத் தொப்பி அணியலாமா என்பது. இஸ்லாத்தை விட்டு வெளியேறும் எண்ணமில்லாமல் அணிந்தால் அது குஃப்ர் ஆகாது. வெயிலைத் தடுப்பது போன்ற தேவைக்கு என்றால் வெறுக்கத்தக்கதும் அல்ல என்ற கருத்தில் முஃப்தி பதில் சொன்னார். கெய்ரோவில் எதிர்ப்பாளர்கள் பெரும் கூச்சல் எழுப்பினார்கள். ஆனாலும் அவர் சொன்னது அனுமதியைத்தான், கட்டாயத்தை அல்ல. கட்டாயம் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து வேறு இடத்திலிருந்து வந்தது.

1924 மார்ச்சில் துருக்கியக் குடியரசு கிலாபத்தை ஒழித்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் முஸ்தஃபா கமால், பழமைப் பிடிப்புள்ள ஊர் என்று பெயர் பெற்ற கஸ்தமோனுவுக்குக் கையில் பனாமா தொப்பியோடு போனார். நாகரிக மக்கள் அணிவது இது, இதன் பெயர் 'ஷப்கா' என்று மக்களுக்கு எடுத்துச் சொன்னார். 1925 நவம்பர் 25 அன்று 671ஆம் எண் சட்டம் நிறைவேறியது. நாடாளுமன்ற உறுப்பினர்களும் அரசு ஊழியர்களும் விளிம்புத் தொப்பியே அணிய வேண்டும். மக்களுக்கும் அதுவே பொதுத் தொப்பி. ஃபெஸ் குற்றமாயிற்று.

எர்ஸுரூம், ரீஸே, ஸிவாஸ், மராஷ் ஆகிய ஊர்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு பின்வாங்கவில்லை. ரீஸே கடற்கரைக்கு 'ஹமீதியே' என்ற போர்க்கப்பலை அனுப்பியது. 'சுதந்திர நீதிமன்றங்கள்' என்ற பெயரில் இயங்கிய தனி மன்றங்கள் ஊர் ஊராகச் சென்று விசாரித்துத் தூக்குத் தண்டனை விதித்தன. அப்படி இறந்தவர்களில் இன்றும் துருக்கியில் பேசப்படுபவர் இஸ்கிலிப் ஊரைச் சேர்ந்த ஆத்திஃப் ஹோஜா என்ற ஆலிம். ஐரோப்பியரைப் பார்த்து ஒழுகுவதையும் தொப்பியையும் கண்டித்து அவர் ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அது வெளிவந்தது 1924இல். சட்டம் வந்தது 1925இல். சட்டம் வருவதற்கு முன் எழுதியதற்காக அதை எப்படிக் குற்றம் என்பது? ஆனாலும் 1926 பிப்ரவரி 4 அன்று அங்காராவில் அவரைத் தூக்கிலிட்டார்கள். எந்தத் தொப்பி உயர்ந்தது என்பதில் ஒருவர் எந்தப் பக்கமும் நிற்கலாம். ஒரு சிறு நூலுக்காக ஒரு முதியவரைத் தூக்கிலிட்டதை நாகரிகம் என்று எழுத எனக்குப் பேனா வரவில்லை.

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1829க்கும் 1925க்கும் இடையே 96 ஆண்டுகள். முதல் ஆணையின்போது ஃபெஸ்ஸை அந்நியப் புதுமை என்று வெறுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரன்களும் அதே ஃபெஸ்ஸுக்காக உயிரைக் கொடுத்தார்கள். இதை அறியாமை என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. அவர்கள் காத்தது கம்பளித் துணியை அல்ல. கலீஃபா போன பிறகு கையில் மிஞ்சியிருந்த ஒன்றையும் பிடுங்குகிறார்கள் என்ற வேதனை அது. தந்தையார் ஜும்ஆவுக்கு வைத்துப்போன தொப்பி என்பதைவிடப் பழைமையான வரலாறு ஒரு சாதாரண மனிதனுக்குத் தேவையில்லை. மற்றவர்கள் அமைதியாக ஒரு வழி கண்டார்கள்: முன்பக்கம் மட்டும் விளிம்புள்ள தொப்பியை வாங்கி, தொழும்போது விளிம்பைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

துருக்கியைப் பார்த்து வேறு நாட்டு மன்னர்களும் முயன்றார்கள். ஆஃப்கானிஸ்தானில் அமானுல்லாஹ் மன்னர் 1928இல் ஐரோப்பிய உடையைப் புகுத்தினார்; மறு ஆண்டு அரியணையை இழந்தார். ஈரானில் ரிஸா ஷா ஐரோப்பியத் தொப்பியைக் கட்டாயமாக்கினார். 1935 ஜூலையில் மஷ்ஹதின் கவ்ஹர்ஷாத் பள்ளிவாசலில் எதிர்த்துக் கூடியவர்கள் மீது படையினர் சுட்டனர்.

எகிப்தில் மட்டும் தர்பூஷ் தேசிய மானமாக நின்றது. 1931இல் மாணவர்கள் ஆளுக்கு ஒரு கிர்ஷ் என்று தெருத்தெருவாகக் காசு திரட்டி, சொந்த நாட்டிலேயே தர்பூஷ் ஆலை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1908இல் சுட்ட பாடம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. மறு ஆண்டு அக்டோபர் 29 அன்று அங்காராவில் குடியரசு நாள் விருந்து நடந்தது. எகிப்தியத் தூதர் அப்துல் மலிக் ஹம்ஸா தர்பூஷோடு வந்திருந்தார். எல்லோர் முன்னிலையிலும் அதைக் கழற்றுமாறு முஸ்தஃபா கமால் சொன்னார். அது இரு நாட்டு அரசுகளுக்கிடையே ஒரு மனக்கசப்பாகவே வளர்ந்தது.

பாலஸ்தீனத்தில் தர்பூஷைக் கழற்றியது வேறொரு தலைப்பொருள். அங்கே நகரத்துக் கனவான்கள் தர்பூஷ் அணிவார்கள். கிராமத்து விவசாயிகள் கூஃபிய்யா துணியைப் போட்டு மேலே கறுப்பு இகால் கயிற்றை வைப்பார்கள். 1936இல் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி தொடங்கியது. போராளிகள் கிராமத்தவர்கள் ஆகையால், நகரத்துக்குள் வந்தால் கூஃபிய்யா அவர்களைக் காட்டிக்கொடுத்தது. 1938 ஆகஸ்டில் கிளர்ச்சித் தலைமை ஒரு கட்டளை போட்டது: நகரத்து ஆண்கள் எல்லோரும் தர்பூஷைக் கழற்றிவிட்டுக் கூஃபிய்யா அணிய வேண்டும். வழக்கறிஞரும் கடைக்காரரும் விவசாயியும் ஒரே தலையோடு தெருவில் நடந்தார்கள். யார் போராளி என்று படையினருக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இன்று உலகமெங்கும் பாலஸ்தீனத்தின் அடையாளமாக விளங்கும் அந்தத் துணி, ஏர் பிடித்தவனின் தலையிலிருந்து எஃபந்தியின் தலைக்கு ஏறியது இப்படித்தான்.

எகிப்தில் 1952 புரட்சிக்குப் பின் பாஷா, பே என்ற பட்டங்களோடு தர்பூஷும் அரச காலத்துப் பழம்பொருளாகப் பின்தள்ளப்பட்டது. இந்தியாவிலும் கிலாபத் மறைந்த பின் தொப்பியின் பொருள் மெல்லக் கரைந்தது. கரகுல் ஆட்டுத்தோலால் ஆன, 'ஜின்னா தொப்பி' என்று பெயர் பெற்ற தொப்பி அரசியல் மேடைகளில் அதன் இடத்தைப் பிடித்தது. இந்தோனேசியாவில் சுகர்ணோ கறுப்புப் பெச்சியைத் தேசியவாதத்தின் அடையாளமாக உயர்த்தினார். இங்கே சொங்கோக் நிலைத்துவிட்டது. ஜார்ஜ்டவுனில் அதைத் தைத்து விற்ற கைகளில் தமிழ் முஸ்லிம் கைகளும் உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். நம் வீட்டுத் துருக்கித் தொப்பிகள் பரணுக்குப் போய், கரையானுக்கும் பூச்சிக்கும் இரையாயின.

முழுவதும் அழிந்துவிட்டதா என்றால், இல்லை. மொரோக்கோவின் அரண்மனை விழாக்களில் இன்றும் சிவப்புத் தொப்பியைக் காணலாம். கெய்ரோவின் கூரிய்யா தெருவில் பித்தளை அச்சுகளோடு தர்பூஷ் கடை இன்னும் இருக்கிறது. அங்கு வரும் வாடிக்கையாளர்களில் முக்கியமானவர்கள் அல் அஸ்ஹரின் ஆலிம்கள். அவர்களுடைய தலைப்பாகை என்பது குட்டையான சிவப்புத் தர்பூஷின் மேல் வெள்ளைத் துணியை இறுக்கிச் சுற்றியதுதான். 1829இல் ஃபெஸ் அணிய வேண்டாம் என்று சுல்தான் விலக்கு அளித்தது உலமாக்களுக்கு. இன்று அதை அன்றாடம் அணிந்து காத்து வருபவர்களும் அவர்களே. அஸ்ஹரில் ஓதி முடித்து நம் நாட்டுக்குத் திரும்பும் பிள்ளைகளில் சிலர் அந்தத் தலைப்பாகையோடு வருகிறார்கள். அருகில் போய்ப் பார்த்தால், வெள்ளைத் துணிக்கு நடுவே உச்சியில் ஒரு சிவப்பு வட்டம் தெரியும்.